விரல் முந்தும், சொல் பின்னால் வரும்

ஓசூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: மகனுக்கு 2 வயது முடிந்துவிட்டது, நாலைந்து வார்த்தைதான் பேசுகிறான். பாட்டி தெலுங்கில் பேசுவதால் பிள்ளை குழம்புகிறான் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

வேண்டாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் வீடுகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏராளம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. இந்த வயதில் சுமார் 50 சொற்கள் வந்திருக்க வேண்டும், இரு மொழியையும் சேர்த்துத்தான் கணக்கு. வரவில்லையென்றால் முதல் வேலை காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் சத்தம் கேட்கும், சொற்கள்தான் தெளிவாகக் கேட்காது.

"எதையும் விரல் நீட்டிக் காட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பான்" என்று அவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் பெரிய பலமே அதுதான்!

மாமரத்தில் ஓடும் அணிலைக் காட்டிவிட்டு உங்களைப் பார்க்கிறான். அவன் கண்ணும் மனசும் அணில் மேல் இருக்கும் அந்த நொடியில் "அணில்" என்று நீங்கள் சொன்னால், எதற்கு அந்தப் பெயர் என்று அவன் தேட வேண்டியதில்லை. ஐவர்சன், கோல்டின்-மெடோ என்ற இரு ஆய்வாளர்கள் 10 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைகள் முதலில் சைகையால் காட்டிய பொருள்களின் பெயர்கள்தான் பிறகு அவர்கள் வாயில் வந்தன. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. செருப்பைக் காட்டி "அப்பா" என்கிறது குழந்தை என்று வையுங்கள். "அப்பா செருப்பு" என்ற வாக்கியத்தில் பாதி விரலில், பாதி வாயில். இப்படி விரலையும் சொல்லையும் முதலில் சேர்த்த குழந்தைகள்தான் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதிலும் முந்திக்கொண்டார்கள். அதனால் "ஆமா, அப்பா செருப்பு" என்று விரல் சொன்ன பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் கொஞ்சம் பொறுங்கள், அவன் முறை வரட்டும். "சொன்னால்தான் தருவேன்" என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

நாக்கில் வசம்பு தேய்ப்பதிலும் மந்திரிப்பதிலும் பல மாதங்கள் வீணாவது எனக்கு ஆறாத வருத்தம். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்பதும் காத்திருக்கக் காரணம் ஆகாது. ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். அரூர் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து தருமபுரிக்குப் பிள்ளையைத் தூக்கி வர ஒரு நாள் கூலி போகும். பேச்சுப் பயிற்சியாளர் வட்டத்துக்கு ஒருவராவது வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.