குருவிக்கூட்டுக்கு முதற்பரிசு

போன தவணை ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். கிளிநொச்சியிலிருந்து நன்றாக உள்ளே, வயலுக்கு நடுவில் நான்கு வகுப்பறை உள்ள சின்னப் பள்ளிக்கூடம். தரம் 2 பிள்ளைகளின் கண்காட்சி. தூக்கணாங்குருவி கூடு கட்டும் கதை ஒன்றை வாசித்துவிட்டு அதை வைத்துச் செயற்றிட்டம் செய்திருக்கிறார்கள் என்று அதிபர் சொன்னார். சந்தோசமாகத்தான் உள்ளே போனேன்.

மேசை நிறையக் கூடுகள். எண்ணிப் பார்த்தேன், 23. அதில் ஏறக்குறைய எல்லாமே தும்பும் குளூ கன்னும் வைத்து யாரோ பெரியவர் இரவிரவாக இருந்து ஒட்டியவை. ஒன்றில் பிளாஸ்டிக் குருவியும் தங்க நிற மினுக்கமும் வேறு. ஒன்று மட்டும் உண்மையான கூடு. சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்தது. நார்களில் பச்சை இன்னும் முழுதாக மாறவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். வெள்ளை முட்டைகள், மூன்று. குளிர்ந்து போயிருந்தன.

முதற்பரிசு அந்தப் பெட்டிக்குத்தான்.

“ஆர் தம்பி எடுத்துத் தந்தது?”

“அப்பா பனையில ஏறி வெட்டித் தந்தவர் சேர்.” பெருமையோடுதான் சொன்னான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “திருப்பிக் கொண்டுபோய்க் கட்டிவிட்டா குருவி வருமோ?” என்று கேட்டான்.

ஆரம்பக் கல்விக்கு ஆசிரிய ஆலோசகராக வன்னியில் ஓடித் திரிகிற எனக்குக் கண்காட்சிகள் புதிதல்ல. ரெஜிபோம் குளங்களையும், அப்பாமார் செய்த காற்றாடிகளையும், கடையில் வாங்கிய ‘பிள்ளையின் ஆக்கங்களையும்’ பார்த்துச் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லவேண்டியது ஒன்று. செயற்றிட்டம் என்பது செய்து கொண்டுவரும் சாமான் இல்லை. இதை எத்தனை பயிற்சி வகுப்பில் சொன்னாலும், திங்கட்கிழமை காலை வட்சப் குழுவில் ஒரு செய்தி வந்துவிடுகிறது: “அன்பான பெற்றோர்களே, வெள்ளிக்கிழமைக்கு முன் பிள்ளைகள் ஒரு குருவிக்கூடு செய்து கொண்டுவர வேண்டும்.” அந்த இடத்திலேயே செயற்றிட்டம் செத்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளையால் வீட்டில் தனியாகக் குருவிக்கூடு செய்ய முடியாது. அது ரீச்சருக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். அம்மா செய்வார், அல்லது கம்பசுக்குப் போகும் மாமா செய்வார், அல்லது காசு கொடுத்து வாங்குவார்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும், “தொடாத, பிஞ்சு போகும்” என்று பேச்சு வாங்கும். அம்மா அப்பா விடியவே கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வரும். அந்தப் பிள்ளையைக் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். சரி, இதில் யார் என்ன கற்றார்கள்? அம்மா கொஞ்சம் ஒட்டக் கற்றார். அவ்வளவுதான்.

செயற்றிட்டம் என்றால் பிள்ளைக்குள் எழுந்த ஒரு கேள்வியின் பின்னால் பத்து நாள் நடப்பது. கடைசியில் கையில் ஒரு சாமான் மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். மிஞ்சுவது அசிங்கமாக, கோணலாக, பாதியில் நிற்பதாக இருந்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை. அழகாக இருந்தால் சந்தேகம்தான்.

இதே கதைப் புத்தகத்தை வைத்து வேறொரு ரீச்சர் செய்ததைச் சொல்கிறேன். முல்லைத்தீவுப் பக்கம், தரம் 1 உம் 2 உம் ஒரே மண்டபத்தில் இருக்கும் பல்தர வகுப்பு. (இப்படி வகுப்பெடுப்பவர்கள் தங்களுக்குத் தண்டனை கிடைத்ததுபோல் பேசுவார்கள். கதையோடு போகும் செயற்றிட்டத்துக்கு இதைவிடத் தோதான வகுப்பு கிடையாது. மூத்தது இளையதுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்.)

முதல் நாள் வாசிப்பு மட்டும். இரண்டாம் நாளும் வாசிப்பு. மூன்றாம் நாள் வாசிக்கும்போது ஒரு பெடியன் எழும்பினான்: “ரீச்சர், புத்தகம் பிழை.” கதையில் அம்மாக் குருவிதான் கூடு பின்னுகிறது. “எங்கட வயலில மஞ்சள் தலைக் குருவிதான் கட்டுது. மஞ்சள் தலை ஆம்பிளைக் குருவி எண்டு அப்பப்பா சொன்னவர்.”

அவன் சொன்னது சரி. தூக்கணாங்குருவியில் கூடு கட்டுவது ஆண். குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதன் தலை மஞ்சளாகும். நெல்லோலையையும் புல்லையும் ஓலையையும் கீலம் கீலமாகக் கிழித்து வந்து, தொப்பிபோல் பாதிக் கூடு கட்டிவிட்டுப் பெண்குருவியைக் கூப்பிடும். பெண் வந்து உள்ளும் புறமும் பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை, அந்த நீளக் குழாய் வாசல் வரைக்கும். பிடிக்காவிட்டால் பாதியோடு நிற்க வேண்டியதுதான்.

அந்த ரீச்சர் பயந்துவிட்டார். “புத்தகம் பிழை எண்டு பிள்ளையள் சொன்னா நான் என்ன செய்யிறது சேர்?” என்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். பிள்ளையையே தீர்த்துவைக்க விடுங்கள் என்றேன். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே கிணற்றடித் தென்னையில் ஐந்தாறு கூடுகள். பிள்ளைகளை வேலிக்கு உள்ளேயே, நிழலில் இருத்தினார். ஒரு கூட்டைக் குறித்துக்கொண்டார்கள். குருவி நாரோடு வரும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டை சிரட்டைக்குள். பத்து நிமிடம். செவ்வாய்க்கிழமை 14 கொட்டை, வியாழக்கிழமை 9. ஏன் குறைந்தது என்று ஒரு சண்டை. அன்றைக்குத் தூறல் என்று ஒருத்தி, குருவி களைத்துப் போனது என்று இன்னொருத்தன். நாரோடு வந்தது எல்லாத் தடவையும் மஞ்சள் தலைதான். புத்தகத்தில் அம்மாக் குருவி கூடு பின்னும் பக்கத்துக்கு மேல் புதுத் தாள் ஒட்டித் தாங்களே எழுதினார்கள்: “அப்பா குருவி வீடு கட்டுது.” எழுத்துப் பிழை இருந்தது. இருக்கட்டும்.

தரையில் விழுந்து கிடந்த பழைய கூடு ஒன்றைச் சாணால் அளந்தார்கள். ஒருத்தனுக்கு ஐந்து சாண். பக்கத்தில் இருந்த சின்னவளுக்கு ஆறு. “நீ களவா அளக்கிறாய்!” அழுகை. ரீச்சர் தன் கையால் அளந்தார், நாலுக்குக் கிட்ட. மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். அளவுகோல் எதற்கு என்று இதற்கு மேல் ஒரு பாடம் வேண்டுமா?

பிறகு ஒரு பிள்ளையின் அம்மம்மா வந்தார், பெட்டி பின்னிக் காட்ட. கருக்கு மட்டையை வீட்டிலேயே வெட்டி எறிந்து, ஈர்க்கு எடுத்த ஓலையைத்தான் கொண்டுவந்தார். அந்த அறிவு எந்த ஆசிரியர் கைந்நூலிலும் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. முதலில் கடதாசிக் கீலம், பிறகு ஓலை. யாருடையதும் பெட்டியாகவில்லை. ஒரு சின்னப் பெட்டை “குருவிக்குக் கையும் இல்லை, எப்பிடி அம்மம்மா?” என்று கேட்டாள். அம்மம்மாவுக்குப் பதில் தெரியவில்லை.

தென்னையில் பாதியோடு தொங்கிய கூட்டைக் காட்டி, ஏன் இப்படி விட்டிருக்கும் என்று ரீச்சர் கேட்டாராம். ஒரு பிள்ளை உடனே சொன்னது: “காசு முடிஞ்சிருக்கும்.” வீட்டுத்திட்டத்தில் லிண்டல் மட்டத்தோடு நிற்கும் சுவர்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? ரீச்சர்மாருக்கு ஒன்று: வீடு, கூடு என்று போகிற கதைகளை எடுக்கும்போது “உங்கட வீட்டைப் பற்றிச் சொல்லு” என்று பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள்.

“இதெல்லாம் சரி, பாடம் எப்ப சேர் ஓடுறது?” பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி. தமிழ், கணிதம், சுற்றாடல், சித்திரம் எல்லாம் மேலே ஓடிவிட்டன, திரும்பவும் வாசித்துப் பாருங்கள். தரம் 1, 2 இல் விளையாட்டுக்கே முதலிடம், எழுத்துவேலை கடைசி என்பது நான் கண்டுபிடித்ததல்ல. 1999 இல் நாடு முழுக்கத் தரம் 1 இற்கு வந்த சீர்திருத்தம் சொன்னது. எழுத்துவேலை முன்னுக்கு வருவது தரம் 5 இல். அதற்குள் தரம் 2 பிள்ளைக்குப் புலமைப்பரிசில் ரியூசன் தேடுகிறவர்களோடு இன்னொரு நாள் சண்டை பிடிக்கிறேன்.

இனிக் கவனிக்க வேண்டியவை. இதில் விட்டுக்கொடுப்புக் கிடையாது.

மரத்தில் உள்ள கூட்டைத் தொடவே கூடாது. வெறுங்கூடு மாதிரித் தெரிந்தாலும் கூடாது, கீழே நின்று பார்த்தால் உள்ளே முட்டை இருப்பது தெரியாது. தானாக விழுந்த பழைய கூடு போதும். அதையும் நல்ல வெயிலில் போட்டு, செள்ளும் பேனும் போன பிறகு வகுப்புக்குள் எடுங்கள். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வையுங்கள்.

“வெளியில போய் ஏதாவது பொறுக்கிக்கொண்டு வா” என்ற வீட்டுவேலையை வன்னியில் கொடுக்கவே வேண்டாம். போர் முடிந்தது 2009 இல். கண்ணிவெடி எடுக்கிற வேலை இன்னும் நடக்கிறது. மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மழைக்குப் பிறகு மண் அரித்து மேலே வரும் இரும்பு, பிள்ளையின் கண்ணுக்கு விளையாட்டுச் சாமான். தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியே திரும்பி வந்து பெரியாக்களிடம் சொல். பெரியாக்கள் பொலிசின் 119 இற்கு அறிவியுங்கள். இதை ஒவ்வொரு செயற்றிட்டத்தின் முதல் நாளும் சொல்லுங்கள், பிள்ளைகள் “தெரியும் ரீச்சர்” என்று இழுத்தாலும் சொல்லுங்கள்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, சிப்பி, போத்தல் மூடி. குன்றிமணி வேண்டாம். வடிவாக இருக்கிறது என்று மஞ்சாடிக்குப் பதிலாக அதைப் போத்தலில் போட்டு வைத்த வகுப்பை நானே கண்டிருக்கிறேன். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அலரிக்காயும் அப்படியே. எருக்கலை இலை ஒட்டும் வேலையும் வேண்டாம், அந்தப் பால் கண்ணில் பட்டால் தெரியும். எந்தக் கொட்டையானாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்குக்குள் போன கொட்டையை வகுப்பில் வைத்து நோண்டாமல் ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள்.

குளக்கட்டு, வாய்க்கால், கட்டில்லாத கிணறு என்றால் ரீச்சர் ஒருவர் மட்டும் காணாது. இரண்டு பெற்றோராவது கூட வரவேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் போகவேண்டாம், வேலிக்குள் இருந்தே பார்க்கலாம். குளூ கன் தரம் 5 வரைக்கும் வகுப்புக்குள் வரவே கூடாது. கஞ்சிப் பசை காய்ச்சுங்கள்.

பெற்றோரே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பிள்ளை கேட்டால் ஓலையைக் கிழித்துக் கொடுங்கள், கதையை இன்னொரு தரம் வாசியுங்கள், வயலுக்குப் போகும்போது சைக்கிளில் ஏற்றிக் குருவியைக் காட்டுங்கள். பனையில் மட்டும் ஏறாதீர்கள்.

அதிபர்மாரே, கண்காட்சியைத் திறந்து வைக்க இனி என்னைக் கூப்பிடவேண்டாம். செயற்றிட்டம் நடக்கிற பத்து நாளில் ஏதாவது ஒரு நாள், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சும்மா ஒரு தொலைபேசி எடுங்கள். பின் வாங்கில் வந்து இருக்கிறேன். தேத்தண்ணியும் வேண்டாம்.