14 லட்சம் என்றார்களே, எங்கே?

எந்தத் தொற்று ஓய்ந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "இத்தனை லட்சம் பேருக்கு வரும்னு பயமுறுத்தினீங்களே, வரலையே?" சான்றாக நீட்டப்படுவது பெரும்பாலும் 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலா. அந்தச் செப்டம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்ட கணக்குப்படி, லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் 2015 ஜனவரி 20க்குள் 14 லட்சம் பேர் வரை பாதிக்கப்படலாம். கினியையும் சேர்த்து, முழுக் கொள்ளைநோய்க்கும் பதிவானது சுமார் 28,600.

கணக்கு பொய்த்தது என்று முடிவு கட்டுமுன் அந்த அறிக்கையைப் படியுங்கள். கூடுதல் நடவடிக்கை எதுவும் எடுக்காமல், மக்களும் பழக்கத்தை மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கான விடை அது. பதிவாகக்கூடியவர்கள் 5.5 லட்சம், கணக்கில் வராமல் போகிறவர்களுக்காக அதை 2.5ஆல் பெருக்கியதில் வந்தது 14 லட்சம். நோயாளிகளில் சுமார் 70% பேரைத் தொற்று பரவாதபடி பராமரித்து, சடலங்களையும் பாதுகாப்பாக அடக்கம் செய்தால் நோய் ஒடுங்கும் என்றும் அதே அறிக்கை சொன்னது. அந்தப் பாதியை யாரும் பகிர்வதில்லை! பிறகு சிகிச்சை மையங்கள் எழுந்தன, அடக்கக் குழுக்கள் இறங்கின, சடலத்தைத் தொட்டுக் கழுவும் வழக்கத்தை ஊர்கள் நிறுத்தின. நிபந்தனை மாறியது, விடையும் மாறியது.

கணக்கில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. லைபீரியாவில் அந்த மாதமே வேகம் தணியத் தொடங்கியிருந்தது. கணக்கில் அது ஏறவில்லை. தொலைதூரக் கணிப்பில் சிறு பிசகும் பெருகிவிடும். நோயாளிகள் எண்ணிக்கை 20 நாளுக்கு ஒருமுறை இரட்டித்தால் 120 நாளில் 64 மடங்கு. 15 நாளுக்கு ஒருமுறை என்றால் 256 மடங்கு. லைபீரியாவுக்கு சி.டி.சி. கண்ட இரட்டிப்புக் காலமே 15 முதல் 20 நாள்தான். அதனால் நான்கு மாதத்துக்கு அப்பால் உள்ள ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

எந்த எண்ணைப் பகிர்ந்தாலும் நிபந்தனையையும், தரவு எந்தத் தேதி வரைக்கும் என்பதையும், குறைந்தபட்ச, அதிகபட்ச வீச்சையும் சேர்த்துப் போடுங்கள். வீச்சு இல்லாத எண்ணைப் பகிரவே வேண்டாம்.

இன்னொன்று. நோயாளிகள் எண்ணிக்கையை அறிகுறி தொடங்கிய தேதிப்படி போட்ட பட்டை வரைபடத்தில் கடைசி ஒரு வாரம், பத்து நாள் சரிந்துதான் தெரியும். அந்த நாட்களில் காய்ச்சல் கண்டவர்களில் பலர் இன்னும் பரிசோதனைக்கே வந்திருக்க மாட்டார்கள். போன வாரம் எடுத்த வரைபடத்தையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே தேதிக்கான பட்டை உயர்ந்திருக்கும். தயவுசெய்து அந்தச் சரிவைக் காட்டி "தொற்று குறைகிறது" என்று தலைப்புப் போடாதீர்கள்.