டானிக் கேட்பதற்கு முன் கண்ணையும் காதையும் தூக்கத்தையும் பாருங்கள்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வரும் வாரத்தில் குழந்தைகள் நலப் பிரிவில் ஒரே கோரிக்கைதான். "கிளாஸ்ல கவனமே இல்லையாம் டாக்டர். மிஸ் டைரியில எழுதி அனுப்பிட்டாங்க. ஞாபகசக்திக்கு ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்க." இந்த முறை வந்த பையன் நான்காம் வகுப்பு. இரண்டு பாட்டில் டானிக் குடித்தாயிற்று, டியூஷன் மாற்றியாயிற்று, அடியும் வாங்கியாயிற்று. கடைசியில் பார்த்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை. அதாவது 40 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே கலங்கல். மூன்றாவது பெஞ்சிலிருந்து பார்த்தால் கரும்பலகையில் எழுத்தே கிடையாது, வெறும் வெள்ளைத் தீற்றல்தான். அதனால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான். டைரியில் அதற்குக் குறிப்பு: "திரும்பித் திரும்பிப் பேசுகிறான்."

கவனக்குறைவு, காய்ச்சலைப் போல, ஓர் அறிகுறி. காரணத்தைத் தேட வேண்டும். நன்றாக இருக்கும் குழந்தையின் கவனத்தைக் கூட்டும் டானிக் என்று எதற்கும் நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. அந்தக் காசுக்கு முட்டையும் கொண்டைக்கடலையும் வாங்கிக் கொடுங்கள்.

இதைச் சொன்னதும் பெற்றோர் கேட்பது: "டிவி முன்னால மட்டும் ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்றானே, அப்போ எங்கிருந்து வருது கவனம்? எல்லாம் திமிர்தானே?" தயவுசெய்து இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். டிவியும் செல்போனும் சில நொடிக்கு ஒரு காட்சியை மாற்றிக் கவனத்தைத் தாமே இழுத்து வைத்துக்கொள்கின்றன. குழந்தை எதையும் மனதில் பிடித்து வைக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், தவறவிட்டாலும் நஷ்டமில்லை. வகுப்பில் நடப்பதோ வேறு வேலை. ஆசிரியர் சொன்ன வாக்கியத்தை மனதில் நிறுத்தி, பலகையைப் பார்த்து, குனிந்து எழுதி, மறுபடி நிமிர்ந்து விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும். பக்கத்துச் சத்தத்தை ஒதுக்க வேண்டும். பிடிக்காத பாடத்திலும் நாற்பது நிமிடம் இதைச் செய்ய வேண்டும். கிட்டப்பார்வைக் குழந்தைக்குக் கையில் இருக்கும் செல்போன் தெளிவாகத் தெரியும். தூக்கம் போதாத குழந்தையை செல்போன் விழிக்க வைக்கும். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) உள்ள குழந்தையும் வீடியோ கேமில் மணிக்கணக்கில் மூழ்கும். ஆகவே டிவி முன்னால் உட்காருவதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது, திமிர் என்று நிச்சயமாக முடிவுகட்ட முடியாது.

முதலில் தூக்கக் கணக்கு. 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை. பள்ளி வேன் ஏழு மணிக்கு வந்தால் ஆறு மணிக்கே எழுந்தாக வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும். டியூஷன் எட்டரைக்கு முடிந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, அப்பாவோடு டிவி பார்த்தால் பதினொன்று ஆகிவிடுகிறது. தூக்கம் கெட்ட பெரியவர்கள் சோர்ந்து விழுவார்கள். குழந்தைகள் பல நேரம் துறுதுறுவென்று அலைவார்கள், சிடுசிடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "எனர்ஜி ஜாஸ்தி" என்கிறோம்.

ஒன்பது மணி நேரம் படுத்தும் தூக்கம் கெடலாம். வாரத்தில் பெரும்பாலான இரவுகள் குறட்டை, திறந்த வாய், புரண்டு புரண்டு படுப்பது, மூச்சு நின்று நின்று வருவது என்றால் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறது என்று அர்த்தமில்லை. ராத்திரி ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப் பூச்சி இருக்கலாம். அதற்கான மருந்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும்.

கண்ணுக்கு ஒரு எளிய சோதனை. ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, எதிர்ப்பக்கக் கடைப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். நீங்கள் படிப்பதை அவன் படிக்கவில்லை, அல்லது இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றால் கண் மருத்துவரிடம் போங்கள். கண்ணாடிக் கடைக் கணினிப் பரிசோதனையோடு நிறுத்தாதீர்கள். குழந்தைகளின் கண் தன்னைத்தானே குவித்துக்கொள்ளும், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் சரியான பவர் தெரியும்.

அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கலாம். வலி இருக்காது. பக்கத்தில் பேசினால் கேட்கும். மின்விசிறிச் சத்தத்தில் கடைசி பெஞ்சுக்கு வரும் குரல் பாதிதான் கேட்கும். "ஆ?" என்று திரும்பக் கேட்பது, டிவி சத்தத்தைக் கூட்டுவது எல்லாம் தடயங்கள்.

இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 5 முதல் 11 வயதுக்கு 11.5, 12 முதல் 14 வயதுக்கு 12 கிராமுக்குக் குறையக் கூடாது. அது குறைவதற்கு முன்பே இரும்புச் சேமிப்பு வற்றிக் கவனம் சிதறலாம், அதற்கு ஃபெரிட்டின் பரிசோதனை உண்டு. பல்பம், மண், பச்சரிசி தின்னும் பிள்ளையை அடிக்காதீர்கள், ரத்தம் பாருங்கள். மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினால் அதை டீ, பாலோடு கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்த வேண்டாம். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். பள்ளியில் வாராவாரம் இலவசமாகத் தரும் மாத்திரையைப் பையில் மறைத்துக் கொண்டுவந்து எறியும் பெண்பிள்ளைகள் நிறைய. அம்மாக்களே, கேட்டுப் பாருங்கள். காலையில் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது. இட்லியோ பொங்கலோ, வயிற்றில் ஏதாவது இறங்கட்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைக் கௌரவக் குறைவு என்று மறுக்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும் குழந்தை சட்டென்று நின்று, ஐந்து பத்து நொடி வெறித்துப் பார்த்து, ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? கூப்பிட்டாலும் தொட்டாலும் அந்த நொடிகளில் திரும்பவில்லையா? அது பகல் கனவு அல்ல, ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கை கால் இழுக்காது, கீழே விழாது. ஒரு நாளைக்குப் பல முறைகூட வரும். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும், மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும். இதற்காகப் பிரம்படி வாங்கும் குழந்தைகள் இன்னமும் இருக்கிறார்கள்.

வாயால் கேட்டால் பதில் சொல்லி, எழுதச் சொன்னால் தடுமாறும் குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை ஏற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் என்றால் முதலில் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும் பெண் குழந்தைகளுக்கும் ஏ.டி.எச்.டி. இருக்கலாம். தொல்லை தராததால் யாரும் கூட்டி வருவதில்லை.

வீட்டுப்பாடத்தை உடைத்துக் கொடுங்கள். எட்டு வயதுக்குப் பதினைந்து நிமிடம், பன்னிரண்டு வயதுக்கு இருபத்தைந்து, நடுவே ஐந்து நிமிடம் எழுந்து நடக்கட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் செல்போன் வேண்டாம். "குளிச்சிட்டு, பையை அடுக்கிட்டு, தண்ணி பிடிச்சிட்டு வா" என்று மூன்றைச் சேர்த்துச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்கு நடத்தாதீர்கள். ஓடிவிட்டு வந்த குழந்தைதான் உட்காரும்.

மருத்துவரிடம் வரும்போது மார்க் ஷீட் வேண்டாம். வகுப்பு நோட்டு இரண்டு, தூங்கும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோ, எந்த நேரத்தில் எப்படிக் கவனம் போகிறது என்று ஆசிரியர் எழுதிய நாலு வரி, இவை போதும். குறைகளைச் சொல்லும்போது குழந்தையை வெளியே உட்கார வையுங்கள்.