பிரின்ஸ்: இளவரசரா, கோமகனா?

பிரின்ஸ் என்று கண்டதும் கை தானாக 'இளவரசர்' என்று எழுதிவிடும். பெரும்பாலும் சரிதான். ஆனால் மெக்சிக்கோவில் சிறுவயதிலேயே பிரின்ஸ் பட்டம் பெற்ற அகுஸ்தின் தெ இத்தூர்பிதேக்கு அந்தச் சொல் பொருந்தாது என்பது என் எண்ணம்.

வேர் இலத்தீன். பிரைமஸ் என்றால் முதல். கப்பேரே என்றால் எடுத்தல். இரண்டும் சேர்ந்து பிரின்கெப்ஸ், அதாவது முதலிடம் கொண்டவர். ரோமில் அகஸ்டஸ் தன்னை அரசன் என்று சொல்லிக்கொள்ளாமல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் ஆண்டார். இளமை, அரசன் மகன் என்ற பொருளெல்லாம் பின்னால் வந்து ஏறியவை. மொனாக்கோவை ஆள்பவர் இன்றும் பிரின்ஸ்தான்.

நம் இளவரசர் அப்படியில்லை. இளமை, அரசர் இரண்டும் சேர்ந்த சொல். அடுத்து அரியணை ஏறப்போகிறவர் என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. யுவராஜா என்ற வடசொல்லும் இதே கட்டுதான்.

இப்போது அந்த அகுஸ்தினைப் பாருங்கள். 1863-இல் வாஷிங்டனில் பிறந்தவன். அதே பெயர் கொண்ட தாத்தா 1822-இல் மெக்சிக்கோவின் பேரரசராக முடிசூடி, மறு ஆண்டே முடி துறந்து, 1824-இல் சுட்டுக்கொல்லப்பட்டவர். பிறகு ஆஸ்திரியாவிலிருந்து வந்த மாக்சிமிலியன் அங்கே பேரரசரானார். அவருக்குக் குழந்தை இல்லை. 1865 செப்டம்பரில் இத்தூர்பிதே குடும்பத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, இரண்டரை வயதுப் பிள்ளையைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டார். அவனுக்கும் சித்தப்பா மகன் சல்வதோருக்கும் 'இத்தூர்பிதே பிரின்ஸ்' என்ற பட்டம். குடும்பத்துக்கு உதவித்தொகை, ஆனால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். தாய் ஆலிஸ் அமெரிக்கப் பெண். கையெழுத்துப் போட்டவள், கொஞ்ச நாளிலேயே மனசு தாங்காமல் தலைநகருக்குத் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்டாள். அவளை நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். பேரரசு சரியத் தொடங்கிய பிறகுதான் பிள்ளை அவள் கைக்கு வந்தது. 1867-இல் மாக்சிமிலியனும் சுட்டுக்கொல்லப்பட்டார்.

வாரிசு என்று ஊர் பேசியது. பட்டத்தில் அந்தச் சொல் இல்லை. அதனால்தான் 'கோமகன்' என்கிறேன். கோ என்றால் அரசன். அரசகுலத்தில் பிறந்தவர் என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது, அரியணையை வாக்களிப்பதில்லை. டியூக் என்பதற்கும் சிலர் இதையே எழுதுகிறார்கள், அந்தக் குழப்பம் உண்டுதான். இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். வாரிசைச் சொல்ல 'பட்டத்து இளவரசர்' இருக்கிறது.

அப்புறம் அகுஸ்தின் வளர்ந்து மெக்சிக்கோ ராணுவத்தில் சேர்ந்தார். அதிபர் போர்பிரியோ தியாசை விமர்சித்ததால் 1890-இல் சிறைக்குப் போனார். பின்பு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஸ்பானியமும் பிரெஞ்சும் கற்பித்து, 1925-இல் வாஷிங்டனிலேயே இறந்தார். அவரைப் பற்றி எழுதும்போது, 'இத்தூர்பிதே கோமகன் அகுஸ்தின்' என்றே எழுதுங்கள்.