பிரைமிங்: முன்பதமாக்கல்

மோட்டார் பம்பில் காற்றுப் பிடித்துக்கொண்டு நீர் ஏறாதபோது, அதில் தண்ணீரை ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகே ஓட்டுவார்கள். அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் பிரைமிங். 'முதல்' என்று பொருள்படும் 'ப்ரீமுஸ்' என்னும் லத்தீன் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் இச்சொல், பழைய துப்பாக்கிக்கு மருந்திடுவதையும் சுவருக்கு முதற்பூச்சு அடிப்பதையும் குறித்தது. பிந்தைய வேலை தடையின்றி நடக்க முன்னதாகச் செய்துவைக்கும் ஆயத்தம் என்பதே இவை எல்லாவற்றுக்கும் பொதுவான கருத்து.

மனம் மொழியைக் கையாளும் விதத்தை ஆராயும் உளமொழியியலில், முன்பு சொன்ன அல்லது கேட்ட தொடரின் அமைப்பு அடுத்த தொடருக்கு வழியை எளிதாக்குவதைக் குறிக்கவும் இச்சொல் வந்தது. ஒருவர் செயப்பாட்டுவினைத் தொடர் ஒன்றைச் சொன்ன பிறகு, அதனோடு பொருள் தொடர்பே இல்லாத படத்தைக் கண்டு பேசும்போதும் செயப்பாட்டுவினையையே கூடுதலாகக் கையாள்கிறார் என்று கேத்ரின் பாக் 1986இல் காட்டினார். ராபர்ட் ஹார்ட்சூய்க்கரும் அவருடைய சகஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை இரு மொழிகளுக்கு இடையே கொண்டுசென்றது. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்கள், 'லாரி டாக்சியால் துரத்தப்படுகிறது' என்பது போன்ற தொடரை ஸ்பானிய மொழியில் கேட்டவுடன், அடுத்த படத்தை ஆங்கிலத்தில் விவரிக்கும்போது செயப்பாட்டுவினையை அதிகமாகப் பயன்படுத்தினர். இதில் ஒரு மொழியின் சொல் மற்றொன்றில் கலப்பதில்லை. தொடரின் வார்ப்பு மட்டுமே கடக்கிறது என்பதால் இதை மொழிக்கலப்பு என்று எழுதுவது பிழை. இரு மொழிச் சொற்களும் மனத்துக்குள் ஒரே தொடரமைப்பு முடிச்சோடு, அதாவது பொதுவான ஓர் இணைப்புப் புள்ளியோடு, பிணைந்திருக்கின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆனால் அந்த முடிச்சு எல்லா மொழி இணைகளுக்கும் பொதுவானதா என்பது வேறு கேள்வி. ஜெர்மனும் ஆங்கிலமும் அறிந்தவர்களை ஆராய்ந்த லோபெல், பாக் இருவரும் 2003இல் செயப்பாட்டுவினை அவ்வாறு கடக்கக் காணவில்லை. சொல்வரிசை வேறுபாடு காரணமாகலாம் என்று கருதினர். வினைமுற்றைத் தொடரின் இறுதியில் வைக்கும் தமிழுக்கும் இக்கேள்வி பொருந்தும். 'சிறுவன் நாயால் கடிக்கப்பட்டான்' போன்ற செயப்பாட்டுவினைத் தொடர்கள் தமிழில் வருவதற்கெல்லாம் ஆங்கிலமே காரணம் என்று உடனே தீர்ப்பளிப்பது எளிது. அதைச் சோதித்துக் காட்டுவதுதான் கடினம்.

பிரைமிங்கைத் தமிழில் முன்தூண்டல் எனலாமே என்று தோன்றும். ஆனால் நம் பாடநூல்களில் தூண்டல் என்பது துலங்கலை எழுப்புவது. இங்கே எதுவும் எழுப்பப்படுவதில்லை, ஒரு பாதை இலகுவாகிறது, அவ்வளவே. முன்னூட்டம் என்றால் பின்னூட்டத்தின் எதிர்ச்சொல்லாக மயங்கும். மண்பதம், சோற்றுப்பதம் என்னும் வழக்குகளில் உள்ள 'ஏற்ற நிலை' என்ற பொருளைக் கொண்டு முன்பதமாக்கல் என்பதே தகும் என்பது என் கருத்து. பதம் என்பது சொல்லையும் குறிப்பதால் மொழியியலில் சிறு மயக்கம் நேரலாம். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் அதைத் தீர்த்துவிடும். வினையாகவும் இது இயல்பாக வரும்: 'ஸ்பானியத் தொடர் ஆங்கிலத் தொடரை முன்பதமாக்கியது' என்று எழுதலாம், 'பிரைம் செய்தது' என்று எழுத வேண்டியதில்லை.