தீட்டு நின்ற பிறகும் நிற்காத என்சைம்

"தீட்டு நின்னு ஆறு வருஷமாச்சு டாக்டரம்மா. இப்ப திரும்பவும் லேசா படுது" என்றார் அந்த அம்மா. வயது 58, எடை 84 கிலோ, பத்து வருடமாகச் சர்க்கரை. பட ஆரம்பித்தே மூன்று மாதம் ஆகியிருந்தது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்தச் 'சூடு' எத்தனை பேரை என்னிடம் தாமதமாக அனுப்பியிருக்கிறது என்று நான் கணக்கு வைத்திருக்கலாம்.

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 14 மில்லிமீட்டர். தீட்டு நின்ற பிறகு படுகிறவர்களுக்கு அது 4-ஐத் தாண்டினாலே சதை எடுத்துப் பார்ப்போம். பயாப்சியில் புற்றுநோய்; நல்லவேளை, ஆரம்ப நிலை. ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக நடமாடுகிறார்.

முடிவைச் சொன்ன அன்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. "ஓவரிதான் வேலையை நிறுத்திடுச்சே, அப்புறம் எதனால இது வளருது?"

கொழுப்பால்தான். கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்றொரு என்சைம் உண்டு. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் ஹார்மோனை அது ஈஸ்ட்ரோஜனாக, அதாவது உள்சவ்வை வளர்க்கும் பெண் ஹார்மோனாக மாற்றும். எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான், ஆனால் கொழுப்பு கூடக் கூட ஈஸ்ட்ரோஜனும் கூடும். முன்பு ஓவரி சுரந்த புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் அதற்குக் கடிவாளம் போட்டது, உள்சவ்வும் மாதாமாதம் உதிர்ந்தது. இப்போது இரண்டும் இல்லாததால் சவ்வு தடித்துக்கொண்டே போகிறது. மார்பகத்தையும் இந்த ஈஸ்ட்ரோஜன் தூண்டும். உடல் பருமனோடு தொடர்புடைய 13 புற்றுநோய்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் பட்டியலிட்டபோது, இவை இரண்டும் அதில் இருந்தன.

அரோமடேஸை அடக்க மாத்திரை உண்டு. மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அனஸ்ட்ரோசோல் கொடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2013-ல் ஆய்வு வெளியானது. ஆனால் எலும்பைத் தேய்க்கும். எல்லோருக்கும் எழுதித் தருகிற மாத்திரை அல்ல.

அப்போது கூட வந்த மருமகள் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். 'கொழுப்பைக் கரைக்கும் என்சைம்', வாட்ஸப்பில் பார்த்து வாங்கியதாம். என்சைம் என்பது புரதம். விழுங்கினால் பருப்பைப் போல அதுவும் செரித்துப்போகும், இடுப்புக் கொழுப்புக்குப் போய்ச் சேராது. கணையம் பழுதானவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் என்சைம் காப்ஸ்யூல்கூடக் குடலுக்குள் உணவைச் செரிக்க மட்டும்தான்.

கொழுப்புச் செல்லில் சேர்த்துவைத்ததை வெளியே எடுக்கும் லைபேஸ் என்ற என்சைம் நம் உடம்பிலேயே இருக்கிறது. இன்சுலின் ஏறியிருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். காலை டிபன், 11 மணிக்குச் சர்க்கரை போட்ட காபி, மதியச் சோறு, நாலு மணிக்கு டீ பிஸ்கட், ராத்திரி சீரியலோடு மிக்சர். இன்சுலின் இறங்க நேரம் எங்கே? இடையில் கொறிப்பதை விடுங்கள், தினமும் நடங்கள். சர்க்கரைக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

தீட்டு நின்று ஒரு வருடம் கழிந்து ஒரு சொட்டுப் பட்டாலும் வந்து காட்டுங்கள். அப்படி வரும் 100 பேரில் சுமார் 90 பேருக்குப் புற்றுநோய் இருக்காது. பயந்துகொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.

கிளம்பும்போது மருமகள் வாசலிலேயே நின்றார். அவருக்கு மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறதாம். "உட்காரும்மா" என்றேன்.