லாவெண்டர் குச்சி: வேர் வரும்வரை பச்சையை நம்பாதீர்கள்

லாவெண்டர் குச்சி நட்டுத் தோற்றவர்கள் என்னிடம் சொல்வது கிட்டத்தட்ட ஒரே கதைதான். "ரெண்டு வாரம் பச்சையாத்தான் இருந்துச்சு, தினமும் தண்ணி ஊத்தினேன், திடீர்னு கருகிடுச்சு." நாற்றுப் பண்ணையில் வேலை பார்ப்பவர்களுக்குக் காரணம் புரிய அந்த நடு வரி ஒன்றே போதும்.

லாவெண்டர், மத்தியதரைக் கடலோரத்து வறண்ட, கல் நிறைந்த சரிவுகளில் பிறந்த செடி. இலை சாம்பல் பூத்தாற்போலத் தெரியக் காரணம் அதன்மேல் அடர்ந்திருக்கும் நுண்ணிய மயிர்கள். நீர் ஆவியாவதைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. நாம் ஓயாமல் தெளிக்கும் நீரையும் அதே மயிர்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் சாம்பல் நிறப் பூசணம் வர நேரமாகாது.

விதை போட்டால் என்ன என்று கேட்பார்கள். போடலாம், மெதுவாக முளைக்கும். ஆனால் பெயர் சொல்லி வாங்கிய ரகத்தின் விதையிலிருந்து வரும் செடி, தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. 'குரோசோ' போன்ற லாவண்டின் கலப்பினங்களோ மலடு, அவற்றில் நல்ல விதையே கிடைக்காது. இன்னொன்று, லாவெண்டர் வயதாக ஆக அடிப்பகுதி மரமாகிவிடும். இலையே இல்லாத அந்தக் கட்டை வரை கவாத்து செய்தால் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. அதனால் செடி நன்றாக இருக்கும்போதே நாலைந்து குச்சி நட்டு வாரிசு தயார் செய்துகொள்வது நல்லது.

எந்தச் செடியிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். குச்சி என்பது தாய்ச்செடியின் நகல்; அதன் மணமும் வரும், நோயும் வரும். இலையில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் இருந்தால் அல்ஃபால்ஃபா மொசைக் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. இன்னும் பெரிய தலைவலி சைலெல்லா என்ற பாக்டீரியா. 2013இல் இத்தாலியின் புலியா பகுதியில் இருப்பது தெரியவந்து, அங்கே ஆலிவ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் காயவைத்தது அதுதான். லாவெண்டரும் அதற்கு இடம் கொடுக்கும் செடி. சில செடிகளில் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலேயே அது உள்ளே இருக்கும். வெளிநாடு போன இடத்தில் ஆசையாக ஒரு கிளையைக் கிள்ளிப் பெட்டிக்குள் வைத்து வருவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் செடியைக் கொண்டுவருவது பல நாடுகளில் சட்டப்படியே குற்றம்.

சரி, வெட்டுவதற்கு வருவோம். அந்த ஆண்டு வளர்ந்த, பூவோ மொட்டோ இல்லாத பக்கக் கிளை வேண்டும். அடி கொஞ்சம் விறைத்து, நுனி இன்னும் இளசாக இருக்கும் பருவம் எனக்குப் பிடித்தது. ரொம்ப இளசு சீக்கிரம் வேர்விடும், அதே வேகத்தில் வாடியும் போகும். முழுக்க முற்றியதோ சோம்பேறி. ஆல்கஹால் தொட்டுத் துடைத்த கூர்மையான கத்தியால், கணுவுக்குச் சற்றுக் கீழே, 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் நுனியில் உருவாகிக் கீழே இறங்கி வெட்டுவாய்க்கு மேல் தேங்கும். அதனால் நுனியைக் கிள்ளாமல் விடுங்கள். கீழ்ப் பாதி இலைகளை உருவி எடுங்கள். தண்டின் தோல் கிழியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேர் ஊக்கித் தூள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் லாவெண்டர் வேர்விடும். டப்பாவுக்குள் குச்சியை நேராக விடாதீர்கள்; கொஞ்சம் தனியே கொட்டித் தொட்டு, அதிகமானதைத் தட்டிவிடுங்கள். நடுவதற்கான கலவை, தென்னை நார்க்கழிவும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகளும் பாதிக்குப் பாதி, பெர்லைட் இல்லையென்றால் பெருமணல். உரம், மண்புழு உரம் எதுவும் இப்போது வேண்டாம். பென்சிலால் குழி போட்டுவிட்டு நடுங்கள், இல்லையென்றால் தூள் எல்லாம் மேலேயே உரசிப் போய்விடும். தொட்டியின் நடுவைவிட விளிம்போரம் சீக்கிரம் காயும், காற்றும் போகும். அதனால் குச்சிகளை ஓரமாகவே நடுவேன். தண்ணீர்க் குவளையில் போட்டு வேர்விட வைக்கிறார்கள் சிலர். அடி அழுகுவதுதான் அதிகம். வேர் வந்தாலும் நொய்ந்த வேர், மண்ணுக்கு மாற்றும்போது திணறும்.

நட்டவுடன் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிடுங்கள். அதன்பிறகு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனம் குறைந்து, மேல்பரப்பு காய்ந்திருந்தால் மட்டும் அடுத்த தண்ணீர். பிளாஸ்டிக் பை கவிழ்த்தால் இலையில் படாமல் கவிழ்த்து, தினமும் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்து நின்றால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். நேர் வெயில் வேண்டாம், நல்ல வெளிச்சம் வேண்டும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் இதமானது.

இனிமேல்தான் ஏமாறுவது. வேரே இல்லாத குச்சி, உள்ளே இருக்கும் சேமிப்பை வைத்துப் பல நாள் பச்சையாக நிற்கும், சில சமயம் புதுத் துளிர்கூட விடும். அந்த நேரத்தில் வெட்டுவாயைப் பார்த்தால் வெள்ளையாக ஒரு சின்னத் தடிப்பு இருக்கலாம். காயம் ஆறுகிறது, அவ்வளவே. அது வேர் ஆகாது. உண்மையான வேர் பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்தில் வரும். இலையைப் பிடித்து மெல்ல இழுங்கள், எதிர்ப்பு தெரிந்தால் வேர் பிடித்திருக்கிறது. தினமும் இழுத்துப் பார்க்காதீர்கள், வந்த வேரும் அறுந்துபோகும்.

அடி கருத்து மெதுமெதுவென்று ஆனால் அழுகல். உடனே எடுத்துப் போடுங்கள், பக்கத்துக் குச்சிக்குப் பரவும். பழுப்பாகி மொடமொடவென்று காய்ந்தால் ஈரம் போதவில்லை. இரண்டையும் "கருகிவிட்டது" என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டு இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு.

வேர் வந்ததும் கவிழ்த்த பையை ஒரு வாரத்தில் படிப்படியாக எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் சின்னத் தொட்டிக்கு மாற்றி, இப்போது நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வரும். வேர் தொட்டியை நிறைத்தபின், தண்ணீர் தேங்காத இடமாக, குறைந்தது 6 மணி நேர வெயில் விழும் இடமாகப் பார்த்து நடுங்கள். புளித்த, அதாவது அமிலத்தன்மை உள்ள மண் இதற்கு ஆகாது, பிஎச் 6.5க்குக் கீழே போனால் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கலக்கலாம். முதல் பருவத்தில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிடச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. ஒன்றிரண்டை மணத்துக்காக விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள்.